எக்ஸ்ரேயில கருப்பா இருந்த கோடு

பையனோட மணிக்கட்டு எக்ஸ்ரேயை டாக்டர் ஸ்கிரீன்ல போட்டதும் எனக்கு வயித்தைப் பிசைஞ்சிடுச்சு. ரேடியஸ், அதாவது முன்கையில கட்டைவிரல் பக்கம் இருக்குற எலும்பு, அதோட முனைக்குக் கொஞ்சம் முன்னாடி குறுக்கால ஒரு கருப்புக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் சின்னத் தட்டு மாதிரி ஒரு துண்டு தனியா நிக்குது. பக்கத்து எலும்புலயும் அதே மாதிரி கோடு, அதே மாதிரி துண்டு. "ரெண்டு எலும்பும் துண்டாயிடுச்சா டாக்டர்?"னு கேட்டேன், குரல் சரியா வரல. அவங்க என்னை ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "அது உடைஞ்ச இடம் இல்லைங்க சார், அது வளர்ற இடம். இந்த வயசுல எல்லாப் பிள்ளைங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். உடைஞ்சது இங்க, பாருங்க"ன்னு பேனா முனையால வேற ஒரு இடத்தைக் காட்டினாங்க. அந்தக் கருப்புக் கோட்டுலருந்து கிளம்பி எலும்புக்குள்ள சாய்வா ஏறியிருந்த ஒரு மெல்லிய விரிசல், ஓரத்துல முக்கோணமா ஒரு சில்லு. நான் அதைக் கவனிக்கவே இல்ல.

அவனுக்கு அப்ப ஒன்பது வயசு. ஏறி விளையாடுற கம்பியில தொங்கிட்டு இருந்தவன் பிடி நழுவி, உள்ளங்கையை ஊனி விழுந்துட்டான். எலும்பை நேரா வச்சுக் கட்டு போட்டு வீட்டுக்கு வந்து, அவன் தூங்கினப்புறம் செல்போன்ல எடுத்து வச்சிருந்த அந்தப் படத்தையே பெருசு பண்ணிப் பண்ணிப் பார்த்துட்டு இருந்தேன். மணிக்கட்டுல எட்டு சின்ன எலும்புன்னு படிச்ச ஞாபகம். எண்ணினா ஏழுதான் இருக்கு. திரும்பவும் பயம். அப்புறம்தான் தெரிஞ்சுது, பிறந்த குழந்தையோட மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தா அந்த எட்டுல ஒண்ணு கூடத் தெரியாது, எட்டும் அப்ப குருத்தெலும்பாத்தான் இருக்கும், முதல் சில மாசத்துல ரெண்டு எலும்பு புள்ளி மாதிரி தோணும், அப்புறம் ஒவ்வொண்ணா வந்து சேரும், கடைசியா சுண்டுவிரல் பக்கம் இருக்குற பட்டாணி சைஸ் எலும்பு வர்றதுக்கு ஒன்பதுலருந்து பன்னெண்டு வயசு ஆயிடும். வர்ற வரிசை எல்லாருக்கும் ஓரளவு ஒண்ணாவே இருக்கிறதால, இடது கை எக்ஸ்ரே ஒண்ணை மட்டும் வச்சே இந்தப் பிள்ளையோட எலும்புக்கு என்ன வயசுன்னு சொல்லிட முடியுது. ஆக எதுவும் தொலைஞ்சு போகல, இன்னும் வரல, அவ்வளவுதான்.

அன்னிக்கு ஆரம்பிச்சது, ஒரு வருஷத்துக்கு மேல விட்டு விட்டுப் படிச்சிட்டே இருக்கேன். படிக்கப் படிக்க எனக்கு ஒண்ணு மனசுல பதிஞ்சிடுச்சு. எக்ஸ்ரே காட்டுறது முக்கியமா கால்சியத்தை. 1895-ல ரான்ட்ஜன் தன் மனைவியோட கையை எடுத்தாரே, மோதிரத்தோட இருக்குற அந்தப் படம், அதுலருந்து நம்ம எல்லார் மனசுலயும் எலும்புக்கூடுன்னா வெள்ளையா இருக்குற அந்தக் கம்பிகள்தான், நடுவுல இருக்குற கருப்பு வெறும் சந்து. ஆனா அந்தக் கருப்புல குருத்தெலும்பு இருக்கு, எலும்பையும் எலும்பையும் இணைக்கிற லிகமென்ட் இருக்கு, சதையை எலும்போட இணைக்கிற தசைநாண் இருக்கு, மூட்டுக்குள்ள இருக்குற திரவம் இருக்கு. வளர்றதும் வளையுறதும் தாங்குறதும் பாதிக்கு மேல அங்கதான் நடக்குது. படத்துல தெரியல, அதனால நாம அதை இல்லைன்னே வச்சுக்கிறோம்.

எலும்பு எப்படி நீளமாகுதுன்னு முன்னாடி யாராவது கேட்டிருந்தா, ரப்பரை இழுக்குற மாதிரி மொத்தமா கொஞ்சம் கொஞ்சமா நீளும்னுதான் சொல்லியிருப்பேன். அப்படி இல்லைன்னு கிட்டத்தட்ட 300 வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் காட்டிட்டார். ஸ்டீபன் ஹேல்ஸ்னு இங்கிலாந்துல ஒரு பாதிரியார், செடிக்குள்ள தண்ணி எப்படி ஏறுதுன்னு அளந்து பார்த்தவர். பாதி வளர்ந்த ஒரு கோழிக்குஞ்சோட கால் எலும்புல அரை இன்ச் தள்ளித் தள்ளி ரெண்டு சின்ன ஓட்டை போட்டு விட்டுட்டார். ரெண்டு மாசம் கழிச்சுப் பார்த்தா எலும்பு ஒரு இன்ச் கூடியிருந்துச்சு, ஆனா அந்த ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல அதே அரை இன்ச்தான். 1727-ல இதை எழுதி வச்சிருக்கார். அப்புறம் அதே நூற்றாண்டுல ஜான் ஹன்டர்ங்கிற சர்ஜன் பன்னியோட கால் எலும்புல ரெண்டு ஈயக் குண்டு பதிச்சு இதையே திரும்பக் காட்டினார். நடுவுல நீளல, முனையிலதான் சேருது. ஒரு குறி வச்சுட்டு காத்திருக்கணும், சோதனையே அவ்வளவுதான். இந்த ரெண்டு ஓட்டை விஷயம் என் மனசுல நின்னுடுச்சு, இதுக்குத் திரும்ப வர்றேன்.

அந்த முனையில இருக்குறதுதான் குரோத் பிளேட், நான் விரிசல்னு நெனச்ச கருப்புக் கோடு. ரொம்ப மெல்லிசான ஒரு குருத்தெலும்புத் தகடு. அதுக்குள்ள செல்லுங்க காசை அடுக்கி வச்ச மாதிரி வரிசை வரிசையா நிக்குது. மேல இருக்குற செல் ஓய்வா இருக்கும், அதுக்குக் கீழ இருக்குறது ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும், அப்புறம் அதுங்க உப்ப ஆரம்பிக்கும், பல மடங்கு பெருசாகும். ஒரு பிள்ளை வளர்றதுல பெரிய பங்கு இந்த உப்புறதுதான்னு படிச்சப்ப எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு, செல் எண்ணிக்கை கூடுறதுதான் வளர்ச்சின்னு நெனச்சிருந்தேன். உப்பின செல் தன்னைச் சுத்தி கால்சியம் படிய வைக்கும், கீழ இருந்து ரத்தக் குழாய் நுழையும், அது கூடவே எலும்பு கட்டுற செல்லுங்களும் வந்து, அந்தக் குருத்தெலும்பைச் சாரமா வச்சுக்கிட்டு எலும்பைக் கட்டும். உப்பின செல்லுல பெரும்பாலானது செத்துப் போயிடும், சிலது மட்டும் தானே எலும்பு கட்டுற செல்லா மாறிடும்னு இப்ப சொல்றாங்க. மேல புதுசு வந்துட்டே இருக்க கீழ எலும்பா ஆயிட்டே இருக்கும், அதனால தகடு அதே தடிமன்லயே இருக்கும், ஆனா எலும்பு நீண்டுக்கிட்டே போகும். காலோட மொத்த வளர்ச்சியில கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு முட்டியைச் சுத்தி இருக்குற ரெண்டு தகட்டுலதான் நடக்குது. கையில அப்படியே தலைகீழ், முழங்கையில கம்மி, தோள்லயும் மணிக்கட்டுலயும் அதிகம். பையன் அடிபட்டுக்கிட்ட இடம் முன்கை வளர்ச்சியோட முக்கால் பங்கு நடக்குற இடம். இதை ராத்திரி ஒண்ணரை மணிக்குப் படிச்சேன், அதுக்கப்புறம் தூக்கம் வரல.

எல்லா எலும்பும் இப்படிக் குருத்தெலும்புலருந்து வர்றதில்ல. மண்டை ஓட்டுத் தட்டுகள் ஒரு மெல்லிய சவ்வுலருந்து நேரடியா எலும்பாகும். காரை எலும்பு இன்னும் வேற மாதிரி, கருவுல முதல்ல எலும்பாக ஆரம்பிக்கிறது அதுதான், வளர்ந்து முடியுறதுல கடைசியும் அதுதான், நெஞ்சுப் பக்க முனை இருபதுகளோட நடுவுல வந்துதான் மூடும். பிறக்கும்போது 300-ஐ ஒட்டித் தனித்தனித் துண்டா இருக்குறது சேர்ந்து சேர்ந்துதான் 206 ஆகுது.

தகடு மூடுறதுக்கு உத்தரவு எங்கருந்து வருதுன்னு பார்த்தா அதுலயும் எனக்கு ஒரு ஆச்சரியம். ஆம்பளப் பிள்ளைக்கும் சரி பொம்பளப் பிள்ளைக்கும் சரி, தகட்டை மூட வைக்கிறது, பொம்பளைங்க ஹார்மோன்னு நாம சொல்ற ஈஸ்ட்ரோஜன்தான். பையன்களுக்கு டெஸ்டோஸ்டிரோன்ல கொஞ்சம் உடம்புக்குள்ளயே ஈஸ்ட்ரோஜனா மாறி அந்த வேலையைச் செய்யுது. 1994-ல மருத்துவ இதழ் ஒண்ணுல ஒரு ஆளைப் பத்தி எழுதினாங்க, 28 வயசு, 204 சென்டிமீட்டர் உயரம், இன்னும் வளர்ந்துட்டே இருந்தார். அவர் உடம்புல ஈஸ்ட்ரோஜன் இருந்துச்சு, ஆனா அதைக் கேட்டுக்கிற ரிசப்டர் மரபணுவுல பழுது. எலும்பு வயசு பார்த்தா 15-தான். யாரும் வந்து சொல்லாததால அந்தக் கதவு திறந்தே கிடந்திருக்கு.

ரெண்டாவது தடவை போனப்ப டாக்டர்கிட்ட கேட்டேன், இவ்வளவு முக்கியமான இடத்தை உடம்பு ஏன் இவ்வளவு பலவீனமா வச்சிருக்குன்னு. அவங்க சொன்ன பதில் எளிமையா இருந்துச்சு: "குழந்தைங்களுக்கு லிகமென்ட், அதான் ஜவ்வுன்னு சொல்றோமே, அது இந்தத் தகட்டை விட ஸ்ட்ராங் சார். உங்களுக்குச் சுளுக்கா போற அடி அவனுக்குத் தகட்டுல விரிசலா போகும்." அதனாலதான் வளர்ற பிள்ளைக்கு மூட்டுப் பக்கத்துல வீக்கமும் வலியும் இருந்தா அதை வெறும் சுளுக்குன்னு விட்டுடக் கூடாது. இந்த மாதிரி அடியை 1963-ல கனடாவுல சால்ட்டர், ஹாரிஸ்னு ரெண்டு பேர் அஞ்சு வகையா பிரிச்சு வச்சிருக்காங்க, இன்னிக்கும் எல்லா டாக்டரும் அந்த நம்பரைத்தான் சொல்றாங்க. இவனுக்கு ரெண்டாவது வகை, இருக்குறதுலயே அதிகமா வர்றது, பெரும்பாலும் நல்லபடியா ஆறிடுறது. "பெரும்பாலும்"ங்கிற அந்த வார்த்தையை நான் ஒரு வருஷம் மனசுல தூக்கிட்டுத் திரிஞ்சேன். தகட்டுல ஒரு பக்கம் மட்டும் ஒட்டிப் போச்சுன்னா அந்தப் பக்கம் நின்னுடும், இன்னொரு பக்கம் வளரும், கை சாய்ஞ்சு போகும். அது தெரிய மாசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் ஒண்ணும் செய்ய முடியாது, காத்திருக்கத்தான் வேணும்.

கட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு யோசிச்சு யோசிச்சுத்தான் எலும்பு ஆறுறதைப் பத்திப் படிச்சேன். உடைஞ்ச உடனே அங்க ரத்தம் கட்டும், அந்தக் கட்டிதான் முதல் பாலம். ரெண்டு மூணு வாரத்துல அது குருத்தெலும்பும் நாரும் கலந்த ஒரு மெத்துன்னு இருக்குற முடிச்சா மாறும், அப்புறம் அது கெட்டி எலும்பா மாறும். வளர்ந்த ஆளுங்களுக்கு இந்தக் கெட்டியாகுற கட்டம் ஆறுலருந்து பன்னெண்டு வாரம் எடுக்கும், பிள்ளைங்களுக்கு வேகமா நடக்கும். அப்புறம் மாசக்கணக்கா, சில சமயம் வருஷக்கணக்கா, முடிச்சைச் செதுக்கிச் செதுக்கி பழைய வடிவத்துக்குக் கொண்டு வரும். கவனிச்சுப் பாருங்க, முதல்ல குருத்தெலும்பு அப்புறம் எலும்பு, வயித்துக்குள்ள இருந்தப்ப எந்த வழியில எலும்பு உருவாச்சோ அதே வழியை உடம்பு திரும்ப எடுக்குது. தோல்ல காயம் பட்டா தழும்பு விழும். எலும்புல அப்படி இல்ல, ஒழுங்கா ஆறினா அங்க வர்றது எலும்பேதான்.

வெள்ளையா இருக்குறது சும்மா நிக்கிற கம்பி, கருப்புலதான் வேலைன்னு முன்னாடி நான் நெனச்சதும் முழுசா சரியில்லைன்னு இதுலதான் புரிஞ்சுது. எலும்புக்குள்ளயும் ஓயாம வேலை நடக்குது. பெரியவங்க எலும்புக்குள்ள 4,200 கோடி ஆஸ்டியோசைட் செல்லுங்க இருக்கும்னு கணக்குப் போட்டிருக்காங்க, எலும்பு கட்டுறப்ப தானே உள்ள சிக்கிக்கிட்ட செல்லுங்க அதெல்லாம், நுணுக்கமான வாய்க்கால் வழியா கையை நீட்டி ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டு இருக்கும். எங்க பாரம் அதிகம் எங்க கம்மின்னு உணர்றது அதுங்கதான். பழசாப் போன இடத்தை ஆஸ்டியோகிளாஸ்ட்னு ஒரு பெரிய செல், ரத்தத்துல இருக்குற வெள்ளணுக்களோட சொந்தக்காரன், அது வந்து ஆசிட் விட்டுக் கரைச்சு மூணு வாரம் போலத் தோண்டும், அந்தப் பள்ளத்தை நிரப்ப, எலும்பு கட்டுற செல்லான ஆஸ்டியோபிளாஸ்ட்டுக்கு மூணு மாசம் ஆகும். தோண்டுறது சீக்கிரம், நிரப்புறது மெதுவா, வயசான பிறகு வர்ற எலும்புத் தேய்வோட பாதிக் கதை இந்தக் கணக்குலயே இருக்கு. வருஷத்துக்குப் பத்துல ஒரு பங்கு எலும்பு இப்படிப் புதுசாயிட்டே இருக்கு. டென்னிஸ் ஆடுறவங்களுக்கு ராக்கெட் பிடிக்கிற கை எலும்பு மத்த கையை விடத் தடியா இருக்கு, விண்வெளிக்குப் போறவங்களுக்கு இடுப்பு எலும்புல மாசத்துக்கு 1-லருந்து 1.5 சதவீதம் வரைக்கும் குறையுது. பாரம் இல்லைன்னா இது எதுக்குன்னு உடம்பு கலைச்சிடுது.

கட்டு பிரிச்ச அன்னிக்கு அவன் கையைப் பார்த்துக் கலங்கிட்டேன். மெலிஞ்சு, தோல் காய்ஞ்சு போய், மணிக்கட்டு மடங்கவே இல்ல. "அப்பா, இது என் கை மாதிரியே இல்ல"ன்னான். எலும்பு கூடிடுச்சு, ஆனா அஞ்சு வாரம் அசையாம இருந்ததுல சுத்தி இருக்குற எல்லாம் இறுகிப் போச்சு. மேல சொன்னேனே சால்ட்டர், அவரே பின்னாடி 1970-களை ஒட்டி இதுக்காகவே போராடினவர், அடிபட்ட மூட்டை அசையாம வைக்கணும்னு எல்லாரும் நம்பிட்டு இருந்த காலத்துல, குருத்தெலும்பு ஆறணும்னா மெதுவா விடாம அசைச்சுட்டே இருக்கணும்னு முயல்கள்ல சோதனை பண்ணிக் காட்டினார். எலும்புக்கு ஓய்வு வேணும், மூட்டுக்கு அசைவு வேணும், ரெண்டும் ஒரே கையில பக்கத்துல பக்கத்துல இருக்கு. டாக்டருங்களோட சாமர்த்தியமே கட்டை எப்ப பிரிக்கணும்னு சரியா முடிவு பண்றதுலதான் இருக்குன்னு தோணுது. இவனுக்கு மூணு வாரத்துல கை பழைய மாதிரி மடங்கிடுச்சு, குழந்தையில்லையா.

எனக்கு அப்படி மடங்கல. பத்து வருஷத்துக்கு முன்னாடி படியில இறங்குறப்ப கணுக்கால் உள்பக்கமா திரும்பி, வெளிப்பக்கம் முட்டை சைஸ்ல வீங்கிடுச்சு. போன இடத்துல எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டு, "எலும்புல ஒண்ணும் இல்ல, வெறும் சுளுக்கு, போங்க"ன்னு அனுப்பிட்டாங்க. நானும் அப்பாடான்னு வந்து வலி குறைஞ்ச உடனே ஓட ஆரம்பிச்சிட்டேன். அதுலருந்து அந்தக் கால் நாலஞ்சு தடவை திரும்பியிருக்கு. இப்ப யோசிச்சா அந்த "ஒண்ணும் இல்ல"ங்கிற வார்த்தை மேலதான் எனக்குக் கோவம். எலும்பையும் எலும்பையும் கட்டி வைக்கிறது லிகமென்ட், சதையை எலும்போட கட்டி வைக்கிறது தசைநாண், ரெண்டும் எக்ஸ்ரேயில தெரியாது. லிகமென்ட் வெறும் கயிறும் இல்ல, மூட்டு இப்ப எந்தக் கோணத்துல இருக்குன்னு மூளைக்குச் சொல்ற நரம்பு முனைங்க அதுக்குள்ள இருக்கு. அது கிழிஞ்சா கயிறும் அறுந்துச்சு, சேதியும் அறுந்துச்சு. கிழிஞ்ச இடத்துல வர்ற தழும்பு நாருங்க முதல்ல தாறுமாறா இருக்கும், அளவா பாரம் கொடுத்தாத்தான் இழுவைத் திசையில வரிசைக்கு வரும், அதுக்கு ஒரு வருஷம் கூட ஆகலாம். ஒத்தக் கால்ல நின்னு பழகுறதுன்னு ஒரு சாதாரணப் பயிற்சி இருக்கு, திரும்பத் திரும்பச் சுளுக்குறதை அது நிஜமாவே குறைக்குது. அதை அன்னிக்கு ஒருத்தரும் எனக்குச் சொல்லல. இப்ப பல் தேய்க்கிறப்ப ஒத்தக் கால்ல நிக்கிறேன், தினமும்.

இது எல்லாத்துக்கும் அடியில இருக்குற சரக்கு ஒண்ணுதான், கொலாஜன்ங்கிற புரதம். எலும்பை வினிகர்ல சில நாள் ஊற வச்சா கால்சியம் கரைஞ்சு போய் ரப்பர் மாதிரி வளையும், மிச்சம் இருக்குறது பெரும்பாலும் கொலாஜன்தான். அதையே நெருப்புல போட்டா கொலாஜன் போய், வடிவம் அப்படியே நிக்கும், தட்டினா பொடியா உதிரும். லிகமென்ட்டும் தசைநாணும் அதே கொலாஜன்தான், கால்சியம் இல்லாம. குருத்தெலும்புல அதோட இன்னொரு வகை. மூணு இழையை முறுக்கின கயிறு மாதிரி அதோட அமைப்புன்னு 1954-ல முதல்ல சொன்னது சென்னைப் பல்கலைக்கழகத்துல இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். மூணு இழை அவ்வளவு நெருக்கமா முறுக்கிக்கணும்னா நடுவுல வர்ற ஒவ்வொரு மூணாவது இடத்துலயும் இருக்குறதுலயே சின்ன அமினோ அமிலமான கிளைசின்தான் இருந்தாகணும், வேற எதுவும் அங்க அடங்காது. அந்த ஒரு இடத்துக்கான மரபணுவுல எழுத்துப்பிழை வந்தா சில குழந்தைங்க தொட்டாலே எலும்பு உடையுற நோயோட பிறக்கிறாங்க. ஒரு நோயைப் பத்திப் படிக்கிறப்ப அதோட காரணம் இவ்வளவு சின்ன இடத்துல இருக்குன்னு தெரியுறப்ப மனசு என்னமோ பண்ணுது.

கொலாஜனைப் பத்தி என்னை ரொம்ப உலுக்கினது ஒரு கப்பல் கதை. அந்த இழைங்க ஒழுங்கா முறுக்கி நிக்க வைட்டமின் சி வேணும். 1740-களோட ஆரம்பத்துல ஆன்சன்னு ஒரு பிரிட்டிஷ் தளபதி கப்பல் கூட்டத்தோட உலகத்தைச் சுத்தினப்ப, வைட்டமின் சி கிடைக்காததால வர்ற ஸ்கர்வி நோய் வந்து கொத்துக் கொத்தா ஆளுங்க செத்தாங்க. அதுல ஒருத்தர் 1690-ல நடந்த ஒரு போர்ல காயம் பட்டவர், 50 வருஷமா ஆறிக் கிடந்த காயம் அது. அது திரும்ப வாய் பிளந்துச்சு, அது மட்டுமில்ல, எப்பவோ உடைஞ்சு கூடியிருந்த எலும்பும் கூடாத மாதிரி விட்டுப் போச்சுன்னு எழுதி வச்சிருக்காங்க. 50 வருஷமும் அந்தக் காயத்தை உடம்பு தினம் தினம் மூடிட்டே இருந்திருக்கு. ஆறிடுச்சுன்னு நாம சொல்றது முடிஞ்சு போன விஷயமே இல்ல போல, நடந்துட்டே இருக்குற விஷயம்.

ஆனா இதுக்கு நேர் எதிரா ஒரு இடமும் இருக்கு. அங்கதான் எங்கம்மா முட்டி வருது. 1955-லருந்து 1963 வரைக்கும் வானத்துல அணுகுண்டு சோதனை நிறைய நடந்து காத்துல கார்பன்-14ங்கிற கதிரியக்கக் கார்பன் ஏறி, அப்புறம் மெதுவா இறங்குச்சு. அந்த ஏத்த இறக்கத்தைத் தேதி முத்திரை மாதிரி வச்சு, உடம்புல எந்தச் சதை எப்ப உருவாச்சுன்னு டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் பார்த்தாங்க. குதிகால் நரம்புன்னு நாம சொல்ற அந்தப் பெரிய தசைநாணோட நடுப்பகுதி, 17 வயசு வாக்குல உருவானது, அதுக்கப்புறம் கிட்டத்தட்ட மாறவே இல்ல. முட்டிக் குருத்தெலும்புல இருக்குற கொலாஜனும் அதே கதைதான். எலும்பு பத்து வருஷத்துல மாறிடுது, பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்குற குருத்தெலும்போட கட்டமைப்பு சின்ன வயசுல கிடைச்சதை வச்சே கடைசி வரைக்கும் ஓட்டுது.

அம்மாவுக்கு 68 வயசு. முட்டி எக்ஸ்ரேயில "கேப் குறைஞ்சிருக்கு"ன்னு சொன்னாங்க. அந்தக் கேப் குருத்தெலும்பு இருக்குற கருப்பு இடம். அன்னிலருந்து அம்மா நடக்குறதையே குறைச்சிட்டாங்க. நான் நடக்கச் சொன்னா, "ஏன்டா, தேஞ்ச செருப்பைப் போட்டுட்டு இன்னும் நடந்தா இன்னும்தானே தேயும்?"னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு உடனே எனக்குப் பதில் வரல, நியாயமான கேள்வி. தேய்மானம்ங்கிற வார்த்தையே நம்மளை அப்படி நெனைக்க வச்சிடுது.

குருத்தெலும்பு செருப்பு இல்ல, பஞ்சு மாதிரி. முட்டியில அது சில மில்லிமீட்டர் தடிமன்தான், அதுல முக்கால் பங்குக்கிட்ட தண்ணி. அதுக்குள்ள ரத்தக் குழாயும் கிடையாது நரம்பும் கிடையாது. அக்ரிகன்னு ஒரு மூலக்கூறு பாட்டில் கழுவுற பிரஷ் மாதிரி இருக்கும், அதோட முள்ளெல்லாம் மைனஸ் மின்னூட்டம், ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டு தண்ணியை உள்ள இழுத்துப் பிடிச்சு வச்சுக்கும், கொலாஜன் வலை அது ரொம்ப உப்பாமப் பிடிச்சுக்கும். நடக்கும்போது நம்ம எடையைப் போல ரெண்டு மூணு மடங்கு முட்டியில இறங்கும், அந்தப் பாரத்துல பெரும்பகுதியை முதல்ல தாங்குறது உள்ள அடைபட்ட தண்ணியோட அழுத்தம்தான். அமுக்கும்போது தண்ணி கொஞ்சம் கசிஞ்சு வெளிய வரும், விட்டதும் மூட்டுத் திரவத்தை உள்ள உறிஞ்சும், அந்த உறிஞ்சல்லதான் அதுக்குச் சாப்பாடு போகுது. முட்டையோட வெள்ளைக்கரு மாதிரி கொழகொழன்னு இருக்குற அந்தத் திரவம் ஒரு முட்டியில சில மில்லிதான் இருக்கும், ஆனா ரெண்டு குருத்தெலும்பு ஒண்ணு மேல ஒண்ணு வழுக்குறது பனிக்கட்டி மேல பனிக்கட்டி வழுக்குறதை விடச் சுலபம். ஆக, அசையலைன்னா அதுக்குச் சாப்பாடு இல்ல. முதுகுத்தண்டு அடிபட்டு கால் அசையாமப் போனவங்களுக்கு, தேய்க்கவே வழியில்லாத அந்த முட்டியில குருத்தெலும்பு மெலிஞ்சு போகுதுன்னு ஸ்கேன்ல பார்த்திருக்காங்க.

இதை அம்மாகிட்ட சமையல் மேடையில இருந்த ஸ்பாஞ்சைத் தண்ணியில முக்கி அமுக்கிக் காட்டித்தான் சொன்னேன். போன குருத்தெலும்பு திரும்ப வராது, அதை மறைக்கல. இருக்குறதுக்குச் சாப்பாடு போகட்டும், தொடைச் சதை கொஞ்சம் பலமானா முட்டி மேல வர்ற பாரமும் ஒழுங்கா இறங்கும், அவ்வளவுதான் சொன்னேன். முதல்ல பத்து நிமிஷம் நடந்தாங்க, இப்ப அரை மணி நேரம். வலி இருக்கத்தான் செய்யுது, ஆனா காலைல எழுந்ததும் இருக்குற அந்த இறுக்கம் குறைஞ்சிருக்குன்னு சொல்றாங்க. பையன் சொடக்கு எடுத்தா "மூட்டு தேஞ்சிடும்டா"ன்னு திட்டுறதை மட்டும் நிறுத்தல. அந்தச் சத்தம் திரவத்துக்குள்ள அழுத்தம் திடீர்னு குறைஞ்சு வாயு இடம் பிடிக்கிறது, டொனால்ட் உங்கர்னு ஒரு டாக்டர் 50 வருஷமா ஒரு கையில மட்டும் சொடக்கு எடுத்துட்டு ரெண்டு கையையும் ஒப்பிட்டுப் பார்த்து எந்தக் கையிலயும் மூட்டுவாதம் இல்லைன்னு 1998-ல எழுதினார்னு சொல்லிப் பார்த்தேன். "அவரு கை அவருக்கு, என் பேரன் கை எனக்கு"ன்னுட்டாங்க.

போன மாசம் பையனுக்குக் கடைசி எக்ஸ்ரே. அடிபட்டு ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு. ஸ்கிரீன்ல படம் வந்ததும் நான் நேரா அந்தக் கருப்புக் கோட்டைத்தான் தேடினேன், இருக்கு, ஒரு முனையிலருந்து இன்னொரு முனை வரைக்கும் விடாம இருக்கு. பழைய விரிசல் இருந்த இடமே தெரியல. ஆனா புதுசா ஒண்ணு, கருப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் உள்ள தள்ளி, எலும்புக்குள்ள தலைமுடி மாதிரி மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு. போன தடவை இது இல்லையேன்னு கேட்டேன். டாக்டர் சிரிச்சிட்டு, "இதைத்தான் சார் நானும் தேடிட்டு இருந்தேன்"னாங்க. அடிபட்ட சமயத்துல வளர்ச்சி கொஞ்ச நாள் தயங்கி நின்னு அப்புறம் திரும்ப ஆரம்பிக்கும், நின்ன இடத்துல எலும்பு கொஞ்சம் அடர்த்தியா படிஞ்சு இந்தக் கோடு விழும். தகடு அதுக்கப்புறம் எலும்பு சேர்த்துச் சேர்த்து முன்னாடி போயிடும், கோடு அங்கயே நின்னுடும், ஹேல்ஸ் போட்ட அந்த ஓட்டை மாதிரி ஒரு குறியா. கோடு சாய்வா போய்த் தகட்டைத் தொட்டா அங்க ஒட்டிப் போச்சுன்னு அர்த்தம். தகட்டுக்கு இணையா நேரா இருந்தா எல்லா இடமும் ஒரே மாதிரி வளருதுன்னு அர்த்தம்.

அவங்க மவுஸை வச்சு மூணு இடத்துல அளந்தாங்க, கட்டைவிரல் பக்கம், நடுவுல, சுண்டுவிரல் பக்கம். மூணும் ஒண்ணு.

"இது என்னப்பா கோடு?"ன்னு பையன் கேட்டான். நீ கம்பியிலருந்து விழுந்த நாள்டா அதுன்னு சொன்னேன். அவன் ஸ்கிரீன் கிட்ட போய், விரலைத் தொடாம பக்கத்துல வச்சு, வெள்ளைக் கோட்டுக்கும் கருப்புக் கோட்டுக்கும் நடுவுல இருக்குற அந்தச் சின்ன இடைவெளியைக் காட்டி, "அப்போ இதெல்லாம் அதுக்கப்புறம் வந்ததா?"ன்னான்.